அசையும் சொத்து, அசையாச் சொத்து

1834 ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸின் ராயல் தெருவில் போய்வந்தவர்கள் சில நாட்களுக்கு இறகின் மேல்தான் நடந்தார்கள். ஒரு பெரிய வீட்டின் மெத்தைகளைக் கிழித்து, உள்ளே அடைத்திருந்த பறவை இறகை ஊர்க்காரர்கள் தெருவில் கொட்டியிருந்தார்கள். பியானோ, மேசை, நாற்காலி எல்லாவற்றையும் வாசலிலேயே போட்டுக் கொளுத்தினார்கள். சில ஆண்டுகளுக்குள் அந்த ஊருக்கு வந்த ஆங்கிலேய எழுத்தாளர் ஹாரியட் மார்ட்டினோ இதையெல்லாம் கேட்டு, 1838-ல் வெளிவந்த தன் பயண நூலில் எழுதிவைத்தார். அந்த இறகுச் செய்தியைப் படித்த நாளிலிருந்தே அந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. போன நவம்பரில் ஒரு நீண்ட விடுமுறை கிடைத்தது. ஹூஸ்டனிலிருந்து ஐந்தரை மணி நேரம் காரோட்டிப் போய்ச் சேர்ந்தேன்.

ராயல் தெரு 1140. கவர்னர் நிக்கல்ஸ் தெரு வந்து சேரும் முனையில், இரண்டு தெருக்களையும் பார்த்தபடி நிற்கிறது. சாம்பல் நிறம், மூன்று மாடி, முனையைச் சுற்றி வளைந்து போகும் இரும்புப் பலகணி. சுற்றியிருக்கும் வீடுகளைவிட உயரம். தனியார் வீடு என்பதால் உள்ளே போக முடியாது. ஆனால் இருட்டிய பிறகு அங்கே நிற்க இடம் கிடைப்பதில்லை. கால் மணிக்கு ஒரு கூட்டம் வருகிறது, கையில் விளக்கோடு ஒரு வழிகாட்டி, சுற்றி இருபது இருபத்தைந்து பேர். எதிர் நடைபாதையில் நின்று பேய்க்கதை கேட்டு, மாடி ஜன்னலைப் படம் எடுத்துக்கொண்டு நகர்கிறார்கள். பக்கத்தில் நின்று நான்கு கூட்டங்களின் கதையையும் கேட்டேன். நான்கிலும் இரத்தம் இருந்தது, இரும்புச் சங்கிலி இருந்தது, கூரையிலிருந்து விழுந்த சிறுமி இருந்தாள். யாருக்கும் பெயர் இல்லை, அந்த வீட்டுக்காரி டெல்ஃபின் லாலோரி ஒருத்தியைத் தவிர.

டெல்ஃபின் 1787 வாக்கில் பிறந்தவள். மக்கார்ட்டி குடும்பம். ஸ்பானியர் ஆண்ட லூசியானாவில் நிலமும் பதவியும் கொண்ட பெரிய இடம். அவளுக்கு நான்கு வயது நடந்தபோது செயிண்ட் டோமிங்கில், அதாவது இன்றைய ஹைத்தியில், அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1811-ல் நியூ ஆர்லியன்ஸுக்கு மேற்கே ஆற்றங்கரைக் கரும்புத் தோட்டங்களிலேயே ஒரு கிளர்ச்சி வெடித்தது. அடிமை வைத்திருந்த குடும்பங்கள் எல்லாம் அந்தப் பயத்தோடுதான் தூங்கி எழுந்தன. மூன்று முறை மணமானவள். முதல் கணவர் ஸ்பானிய அதிகாரி. இரண்டாமவர் ஜான் பிளான்க், வங்கியும் வக்கீல் தொழிலும் அடிமை வியாபாரமும் பார்த்தவர். 1825-ல் தன்னைவிட வயதில் மிகவும் இளையவரான லாலோரி என்ற மருத்துவரை மணந்தாள். 1831-ல் ராயல் தெரு மனையைத் தன் பெயரில் வாங்கி, அடுத்த ஆண்டு குடியேறினாள். இன்று பார்க்கும் மூன்றாவது மாடி அப்போது இல்லை, அது பின்னால் சேர்த்தது.

என்னை இழுத்தது அந்த வீட்டுச் சாமான்கள். அவள் காலத்துச் சாமான்கள் அன்றைக்கே அழிந்துவிட்டன. ஆனால் அதே 1831-ல் கட்டிய ஹெர்மன்-கிரிமா வீடு, செயிண்ட் லூயி தெருவில், நடந்தே போகும் தூரத்தில் அருங்காட்சியகமாக இருக்கிறது. அதே ஊர், அதே ஆண்டு, அதே வசதி. மறுநாள் காலை அங்கே போனேன்.

முன்கட்டு முழுக்க மகோகனி மரம். சாப்பாட்டு மேசை, ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் பீரோக்கள், நான்கு கால் கட்டில்கள். சதுப்பு நில ஊர் ஆயிற்றே, கட்டிலுக்குக் கட்டில் கொசுவலை. பொன்முலாம் சட்டமிட்ட கண்ணாடிகள், அவற்றுக்கு எதிரே மெழுகுவர்த்திகள். ஒரு திரி எரிந்தால் கண்ணாடியில் இன்னொன்று எரிய வேண்டும் என்ற கணக்கு. இந்தச் சாமான்களை வாங்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. ராயல் தெருவிலேயே போர்தோ ஊரிலிருந்து வந்த ஃபிரான்சுவா சென்யுரே பிரெஞ்சுச் சாமான்களை வரவழைத்து விற்றார். 520-ம் எண்ணில் அவர் 1816-ல் கட்டிய வீடு இன்றும் இருக்கிறது. தெருவும் மாறவில்லை. இப்போதும் ராயல் தெரு முழுக்கப் பழம்பொருள் கடைகள்தான்.

ஒரு பீரோவின் கதவருகே குனிந்து பார்த்தேன். செம்பழுப்பு மரம், அலை அலையாக ரேகை, சாவித் துவாரத்தைச் சுற்றிப் பித்தளைத் தகடு. அந்தத் தகட்டுக்குக் கீழே மரம் மட்டும் வழவழவென்று கறுத்துப்போயிருந்தது, ஓர் உள்ளங்கை அகலத்துக்கு. திறந்து மூடிய கைகள் பட்டுப் பட்டு வந்த கறுப்பு. எந்தக் கைகள் அந்தப் பீரோவை ஒரு நாளில் அதிக முறை திறந்திருக்கும்? வீட்டுக்காரியின் கைகள் இல்லை, அவளுக்கு உடுப்பு எடுத்துக் கொடுத்தவரின் கைகள். அந்த மரமும் அப்படித்தான் வந்தது. கரீபியத் தீவுகளிலும் ஹோண்டுராஸ் கரையிலும் மகோகனிக் காடுகளில் கோடரி பிடித்தவர்கள் பெரும்பாலும் அடிமைகள்.

பிரெஞ்சு, ஸ்பானிய மரபில் வந்த சட்டம் என்பதால் லூசியானாவில் எதற்கும் பத்திரம் எழுதுவார்கள். வீட்டுக்காரர் செத்தால் பத்திரம் எழுதுபவர் வந்து அறை அறையாகப் போய்ச் சாமான் கணக்கு எடுப்பார். பீரோ இத்தனை டாலர், கண்ணாடி இத்தனை டாலர், குதிரை இத்தனை டாலர், அப்புறம் சமையல்காரி இத்தனை டாலர், அவள் பிள்ளை இத்தனை டாலர். இது எல்லோரும் ஊகிக்கக்கூடியதுதான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது வேறொன்று. 1825-ம் ஆண்டு லூசியானா சிவில் சட்டம் சொத்தை அசையும் சொத்து, அசையாச் சொத்து என்று பிரிக்கிறது. மேசை, நாற்காலி, மெத்தை எல்லாம் அசையும் சொத்து. அடிமைகள்? இயல்பில் அசைபவர்கள்தான் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்டுவிட்டு, இருந்தாலும் சட்டப்படி அவர்கள் அசையாச் சொத்து என்று எழுதுகிறது. நிலம், வீடு மாதிரி. விற்றால் பத்திரம் எழுத வேண்டும், அடமானம் வைக்கலாம். நடக்கிற, ஓடுகிற, ஓடிப்போகவும் செய்கிற மனிதரை அசையாதவர் என்று எழுதியிருக்கிறார்கள்.

1834 ஏப்ரல் 10 அன்று நடந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பிரிவுதான் ஞாபகம் வருகிறது.

அதற்குப் பின்கட்டைப் பார்க்க வேண்டும். ஹெர்மன்-கிரிமா வீட்டில் முற்றத்தைத் தாண்டினால் தனிக் கட்டடமாகப் பின்கட்டு. கீழே சமையலறை, மேலே அடிமைகள் தங்கிய சிறிய அறைகள். நெருப்புப் பிடித்தால் முன்கட்டுக்குப் பரவக் கூடாது என்றுதான் பணக்கார வீடுகளில் சமையலறையைத் தள்ளி வைத்தார்கள். சமையலறையில் ஒரு ஆள் உள்ளே நிற்கும் அளவுக்குச் செங்கல் கணப்பு. அதில் பானை தொங்கவிட ஓர் இரும்புக் கை, வெளியே இழுக்கலாம், உள்ளே தள்ளலாம். பக்கத்தில் ரொட்டி சுடும் அடுப்பு. சுவரோரமாக ஒரு செங்கல் மேடை, அதன் மேல் சதுரக் குழிகள். குழிக்கு அடியில் தணலைப் போட்டு மேலே சட்டி வைப்பது, நம் கொடியடுப்பு மாதிரியே. நான் போன நாளில் கணப்பு எரியவில்லை, ஆனாலும் செங்கலில் இருந்து புகை வாசனை வந்தது. நியூ ஆர்லியன்ஸின் ஆகஸ்டு மாதத்தில் விடியற்காலையிலிருந்து இரவு வரை அந்த அறையில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். அப்புறம் மாடிக்கு ஏறும் படிக்கட்டைப் பார்த்தேன். கீழே தீப்பிடித்தால் மேலே இருப்பவர்களுக்கு முதலில் புகை, பிறகு நெருப்பு. கதவு வெளியே பூட்டியிருந்தால் முடிந்தது.

லாலோரி வீட்டிலும் தீ சமையலறையில்தான் தொடங்கியது. மூட்டியவர் சமையல்காரர், எழுபது வயதான ஒரு பெண், அடுப்போடு கணுக்காலில் சங்கிலி போட்டுக் கட்டப்பட்டிருந்தவர். தண்டனைக்காக மேலே உள்ள அறைக்குக் கொண்டு போகப்பட்டவர்கள் திரும்பி வருவதில்லை, அதற்குப் பயந்து செத்துவிடலாம் என்று தீ வைத்தேன் என்று அவர் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. சங்கிலியில் இருந்தபடியே தன்னைச் சுற்றித் தீ மூட்டிக்கொள்வது என்றால் என்ன என்பதை அந்தக் கணப்பின் முன்னால் நின்றபோதுதான் கொஞ்சமாவது உணர முடிந்தது.

ஊர் கூடியது. அக்கம்பக்கத்தார் உள்ளே நுழைந்து உதவினார்கள். எதற்கு உதவினார்கள்? சாமான்களை வெளியே கொண்டு வர. 1880களில் இந்தக் கதையைத் தேடித் தொகுத்த நியூ ஆர்லியன்ஸ் எழுத்தாளர் ஜார்ஜ் வாஷிங்டன் கேபிள், டெல்ஃபின் நிதானமாக நின்று எதை எதை எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்ததை விவரிக்கிறார். வெள்ளிச் சாமான், நகை, விலை உயர்ந்த மரச்சாமான் எல்லாம் கை மாறிக் கை மாறித் தெருவுக்கு வந்தன. அசையும் சொத்து அசைந்தது. பின்கட்டில் ஆட்கள் இருக்கிறார்களே என்று சிலர் கேட்கத் தொடங்கினார்கள். நீதிபதி ஜாக் ஃபிரான்சுவா கனோன்ஜ் அங்கே இருந்தார். அவர் டெல்ஃபினின் கணவர் லாலோரியிடம் கேட்டதற்கு வந்த பதிலை வாக்குமூலத்தில் கொடுத்திருக்கிறார்: சிலர் தங்கள் வீட்டோடு இருந்துகொள்வது நல்லது, அடுத்தவர் வீட்டுக்கு வந்து சட்டம் பேசி மூக்கை நுழைக்க வேண்டாம். சாவியும் தரவில்லை. கதவை உடைத்தார்கள்.

உள்ளே இருந்தவர்கள் ஏழு பேர். கழுத்தில் இரும்பு வளையம் மாட்டிய ஒரு பெண்ணையும், தலையில் ஆழமான காயத்தோடு நடக்கக்கூட முடியாத ஒரு மூதாட்டியையும் பார்த்ததாகக் கனோன்ஜ் சொல்கிறார். கை கால்கள் இழுத்துச் சிதைக்கப்பட்டிருந்ததாக ‘நியூ ஆர்லியன்ஸ் பீ’ (Bee) என்ற பத்திரிகை எழுதியது. அவர்களை நகரச் சிறைக்குக் கொண்டு போய்க் கட்டிலில் கிடத்தினார்கள். இரண்டு நாளில் நாலாயிரம் பேர் வரை வந்து பார்த்துவிட்டுப் போனதாகச் செய்தி. காப்பாற்றப்பட்ட பிறகும் அவர்களைச் சுற்றி வேடிக்கைக் கூட்டம்தான்.

அதன் பிறகுதான் கோபம். கூட்டம் திரும்பி வந்து வீட்டுக்குள் புகுந்தது. சற்று முன்பு ஊரே கை கொடுத்துக் காப்பாற்றிய அந்தச் சாமான்களைத்தான் அடித்து நொறுக்கினார்கள். மெத்தைகள் கிழிந்தன, பியானோ எரிந்தது. ஷெரிஃப் ஆட்களோடு வந்து சேரும்போது சுவர்களைத் தவிர மிச்சம் அதிகம் இல்லை.

அந்தக் கூட்டத்தை நான் நல்லவர்களாகப் பார்க்கத் தயாராக இல்லை. அவர்களில் அடிமை வைத்திருந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். தெற்கின் மிகப் பெரிய அடிமைச் சந்தை அந்த ஊரில்தான் நடந்தது. மறுவாரமும் நடந்தது. லாலோரி வீட்டு விஷயமும் ஊருக்குத் தெரியாததில்லை. மார்ட்டினோ எழுதும் சிறுமிக் கதையைப் பாருங்கள். எட்டு வயதுப் பெண் குழந்தை, சவுக்கோடு துரத்திய டெல்ஃபினிடமிருந்து ஓடி, முற்றம் தாண்டி, மாடி ஏறி, கூரையிலிருந்து விழுந்து செத்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் பார்த்திருக்கிறார். விசாரணை நடந்து, வீட்டிலிருந்த ஒன்பது அடிமைகளைப் பறிமுதல் செய்து விற்றார்களாம். உறவினர்கள் ஏலத்தில் எடுத்து டெல்ஃபினிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். இது மார்ட்டினோ ஊராரிடம் கேட்டு எழுதியது. ஆனால் அவரிடம் சொன்னவர்கள் ஊரார் என்பதுதான் எனக்கு முக்கியம். தெரிந்துதான் இருந்திருக்கிறது. தெரிந்துகொண்டே அந்த வீட்டு விருந்துக்குப் போய் அந்த மகோகனி மேசையில் சாப்பிட்டிருக்கிறார்கள்.

டெல்ஃபின் வண்டியேறித் தப்பினாள். படகில் மொபீல், அங்கிருந்து பாரிஸ். 1849-ல் அங்கேயே இறந்தாள். அவள் மேல் வழக்கு நடக்கவில்லை, ஒரு நாள்கூடச் சிறையில் இருக்கவில்லை.

இடிந்து கிடந்த வீட்டை 1838 வாக்கில் வேறொருவர் வாங்கித் திருத்திக் கட்டினார். அதன் பிறகு அது எத்தனையோ விதமாக மாறியது. அதில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். வழிகாட்டிகள் அதைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை.

உள்நாட்டுப் போருக்குப் பிறகு அந்த வீடு பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஆனது. 1870களில் நியூ ஆர்லியன்ஸ் பொதுப் பள்ளிகள் சிலவற்றில் வெள்ளைக்காரப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் ஒன்றாகப் படித்தார்கள். தெற்கில் வேறெங்கும் அநேகமாக நடக்காத விஷயம். நாற்பது ஆண்டுக்கு முன் மனிதர்களைப் பூட்டி வைத்திருந்த அந்த விலாசத்தில், அடிமைகளின் பேத்திகள் பெஞ்சில் உட்கார்ந்து பாடம் படித்தார்கள். பெஞ்சு, மேசை, கரும்பலகை. அந்த வீட்டுக்குள் வந்த சாமான்களிலேயே மதிப்பு மிகுந்தவை அவைதான் என்பேன். 1874 டிசம்பரில் வெள்ளைச் சங்கம் என்ற ஆயுதக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளே புகுந்தார்கள். பெண் பிள்ளைகளை நிறுத்தி, யார் வெள்ளை, யார் இல்லை என்று முகத்தைப் பார்த்துப் பிரித்து, கறுப்பினப் பெண்களை வெளியே அனுப்பினார்கள். முகத்தை வைத்துச் சொல்ல முடியாத பிள்ளைகள் அந்த ஊரில் நிறைய. பிரிக்க வந்தவர்கள் தடுமாறியதையும் கேபிள் எழுதியிருக்கிறார். 1877-ல் பள்ளிகள் மறுபடியும் இனவாரியாகப் பிரிந்தன.

அந்த வீட்டுக்குள் கூட்டம் புகுந்தது இரண்டு முறை. முதல் முறையைப் பற்றி இரவுக்கு இரவு கதை சொல்கிறார்கள். இரண்டாம் முறை துரத்தப்பட்ட பெண் பிள்ளைகளுக்காக ஒரு வரிகூட இல்லை. எனக்கு மிகவும் கோபம் வந்தது இந்த இடத்தில்தான்.

பிறகு இசைப் பள்ளி, மதுக்கடை, மரச்சாமான் கடை, 1920களில் வழிதவறிய இளைஞர்களுக்கான விடுதி, வாடகைக் குடியிருப்பு. 2007-ல் நடிகர் நிக்கோலஸ் கேஜ் வாங்கினார், 2009-ல் வங்கிக்குப் போய் ஏலத்துக்கு வந்தது. இதைச் சொல்லும்போது மட்டும் எல்லாக் கூட்டத்திலும் சலசலப்பு எழுந்தது.

கதையும் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. 1946-ல் வந்த ஒரு பேய்க்கதைத் தொகுப்பு, அதுவரை எந்தப் பதிவிலும் இல்லாத கொடூரங்களைச் சேர்த்தது. பிடுங்கிய கண், சுற்றிக் கட்டிய குடல் என்று இன்று வழிகாட்டிகள் சொல்வதில் பெரும்பகுதி அங்கிருந்து வருவது. 2013-ல் ஒரு தொலைக்காட்சித் தொடர் அதை இன்னும் பெரிதாக்கியது. எதற்கு இதெல்லாம்? கழுத்தில் இரும்பு வளையம் போதாதா? பொய்யைச் சேர்க்கச் சேர்க்க டெல்ஃபின் மனுஷியாக இல்லாமல் அரக்கியாகிவிடுகிறாள். அவள் அரக்கி என்றால் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும், விருந்துக்கு வந்தவர்களுக்கும், பத்திரம் எழுதியவர்களுக்கும் அதில் பங்கில்லாமல் போகிறது.

பொய் சேர்க்காத ஒரு பதிவு இருக்கிறது, அடக்கப் பதிவேடு. 1830 முதல் 1834 வரை லாலோரி வீட்டைச் சேர்ந்த அடிமைகள் பன்னிரண்டு பேர் இறந்ததாக அதில் இருக்கிறது. காரணம் எழுதவில்லை. 1832-ல் அந்த ஊரில் காலரா ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது, மஞ்சள் காய்ச்சலும் வந்து வந்து போனது, அதையும் மனதில் வைக்கத்தான் வேண்டும். பன்னிரண்டு பேரில் ஒருவர் போன் (Bonne) என்ற பெண். சமைத்தவர், துணி வெளுத்தவர். முன்பு அவரை விற்ற பத்திரத்தில், அடிக்கடி ஓடிப்போகிறவள் என்று குறித்திருக்கிறார்கள். அசையாச் சொத்து என்று எழுதிய அதே ஊரில்தான் அதையும் எழுதினார்கள். அவருடைய நான்கு பிள்ளைகளும் அதே பதிவேட்டில் இருக்கிறார்கள். ஜூலியட், ஃப்ளோரன்ஸ், ஜூல், லியோன்டின்.

கிளம்புவதற்கு முந்தைய இரவு மறுபடியும் அந்த முனைக்குப் போனேன். தன் கூட்டத்தை அனுப்பிவிட்டு விளக்கை அணைத்துக்கொண்டிருந்தார் ஒரு வழிகாட்டி, அறுபது வயதிருக்கும், ஊர்க்காரர். போன் என்ற அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டேன். தெரியாது என்றார். ஹெர்மன்-கிரிமா வீட்டு நுழைவுச் சீட்டு பையில் இருந்தது. அதன் பின்புறம் ஐந்து பெயரையும் எழுதிக் கொடுத்தேன். தெருவிளக்கு வெளிச்சத்தில் பிடித்து வாய்விட்டுப் படித்தார். கடைசிப் பெயரை நான் சொன்ன விதம் தப்பு என்று திருத்தினார், பிரெஞ்சு ஒலியோடு அதை மூக்கால் சொல்லிக் காட்டினார். அடுத்த கூட்டம் தெரு முனையில் திரும்புவது தெரிந்தது. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இவர்கள் எல்லோரும் ஒரே தாயின் பிள்ளைகளா என்று இன்னொரு முறை கேட்டார். ஆமாம் என்றேன்.